ஸ்பிரிங்க்ளர் அமைப்புக்கான நீர்வழங்கு குழாய்: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டறியும் வழிமுறை

கட்டடத்தின் ஸ்பிரிங்க்ளர் அமைப்புக்கு (தீயின் வெப்பத்தில் தானே திறந்து நீர் தெளிக்கும் முனைகளின் அமைப்பு) தெருவின் பெருங்குழாயிலிருந்தோ தனித் தொட்டியிலிருந்தோ நீர் கொண்டுவரும் நிலத்தடிக் குழாய், மண் மூடிய நாளிலிருந்து யார் கண்ணிலும் படுவதில்லை. அன்றாடம் திறந்து மூடும் குடிநீர்க் குழாயில் குறை ஏற்பட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். தீயணைப்புக் குழாயில் இருக்கும் குறையோ, யாராவது முறையாகச் சோதித்தால் தெரியும், இல்லாவிட்டால் தீப்பிடித்த அன்று தெரியும். இந்த வழிமுறை முழுவதிலும் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: நிற்கும் நீரில் எடுத்த அழுத்த அளவைச் சான்றாகக் கொள்ளாதீர்கள், தேவையான நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவையே சான்றாகக் கொள்ளுங்கள்.

கீழே தரும் எண்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வெளியிடும் 13 (ஸ்பிரிங்க்ளர் அமைத்தல்), 24 (தீயணைப்புக் குழாய் பதித்தல்), 25 (பராமரிப்பு) ஆகிய தரநிலைகளின்படி அமைந்தவை. பல நாடுகள் இவற்றை அப்படியே ஏற்றிருக்கின்றன, சில நாடுகள் தம் விதிகளுக்கு ஏற்ப மாற்றியிருக்கின்றன. உங்கள் பணிக்கு அனுமதி வழங்கும் அதிகாரி எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறார் என்பதை வரைபடம் வரைவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வால்வையும் தொடுவதற்கு முன்

அமைப்பு ஏற்கெனவே இயக்கத்தில் இருந்தால், வால்வை மூடுவதற்கு முன் தீயணைப்புத் துறைக்கும், எச்சரிக்கை மணியைக் கண்காணிக்கும் நிறுவனத்துக்கும், கட்டடப் பொறுப்பாளருக்கும் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் 10 மணி நேரத்துக்கு மேல் அமைப்பு செயலிழந்திருக்கும் என்றால், கட்டடத்தின் அந்தப் பகுதியைக் காலி செய்வது, தீக்காவலர்களை நிறுத்துவது, தற்காலிக நீர்வழங்கலை ஏற்பாடு செய்வது போன்ற மாற்று ஏற்பாடு வேண்டும் என்று என்.எஃப்.பி.ஏ. 25 சொல்கிறது. மூடிய வால்வு ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் கட்டுங்கள், அதில் யார் எப்போது மூடினார் என்று எழுதுங்கள். பழுது பார்த்தபின் திறக்க மறந்த வால்வு, கோளாறான வால்வைவிட ஆபத்தானது.

அறிகுறி: அனுமதி விண்ணப்பம் திருத்தச் சொல்லித் திரும்பத் திரும்ப வருகிறது

இந்த ஒரு குழாய்க்கு ஒரே அனுமதி போதும் என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான தாமதம் தொடங்குகிறது. பெருங்குழாயில் இணைப்பு எடுக்க நீர்வழங்கும் அமைப்பின் ஒப்புதல், வரைபடத்துக்கும் நீரியல் கணக்குக்கும் தீயணைப்பு அதிகாரியின் ஒப்புதல், சாலையை வெட்ட அதற்குரிய துறையின் அனுமதி, பேக்ஃபுளோ தடுப்பானுக்கு (கட்டடத்து நீர் பெருங்குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் கருவி) தனி ஆய்வு என்று இவை பொதுவாக வெவ்வேறு மேசைகளில் நடக்கின்றன. ஒரு மேசையில் செய்த திருத்தம் அடுத்த மேசைக்குப் போய்ச் சேராவிட்டால், இரண்டு வரைபடங்களும் ஒன்றோடொன்று முரண்படும். முதலில் இந்த முரணைத் தேடுங்கள். நீர்வழங்கும் அமைப்பு கேட்டதற்காக இரட்டைச் செக் வால்வுக்கு (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் இரு வால்வுகள்) பதிலாகக் குறைவழுத்த மண்டலத் தடுப்பானை (அழுத்த இழப்பு கூடிய வேறு வகைத் தடுப்பான்) வரைபடத்தில் மாற்றிவிட்டு, தீயணைப்பு அதிகாரியிடம் கொடுத்த கணக்கில் பழைய அழுத்த இழப்பையே விட்டுவைப்பது மிகச் சாதாரணமாக நிகழ்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஹைட்ரன்ட் (தெருவோரத் தீயணைப்பு நீர் வாய்) ஓட்டச் சோதனையின் தேதி. என்.எஃப்.பி.ஏ. 13, அதிகாரி வேறுவிதமாக அனுமதித்தால் ஒழிய, வரைபடம் சமர்ப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களுக்குள் எடுத்த சோதனையையே ஏற்கிறது. பிறகு வெளிக்குழாய் ஓட்டம்: தீயணைப்பு வீரர்கள் ஹோஸ் மூலம் எடுக்கும் நீரையும் கணக்கில் கூட்ட வேண்டும். குறைந்த அபாயக் கட்டடத்துக்கு நிமிடத்துக்கு 379 லிட்டர், சாதாரண அபாயத்துக்கு 946 லிட்டர், மிகுந்த அபாயத்துக்கு 1,893 லிட்டர். இதைச் சேர்க்காத கணக்கு பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் ஆய்வாளர் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அவர் அப்படிச் செய்வது சரியே.

குடிநீருக்கும் தீயணைப்புக்கும் ஒரே இணைப்பு எடுத்தால், கட்டணம் கட்டாததற்காகக் குடிநீரை நிறுத்தும் வால்வு தீயணைப்பு நீரையும் சேர்த்து நிறுத்தாதபடி கிளை பிரிய வேண்டும். வரைபடத்தில் இந்த ஒரு வால்வு எங்கே இருக்கிறது என்பதை அதிகாரி கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கேஜ் (அழுத்தமானி) நல்ல அழுத்தம் காட்டுகிறது, நீரைத் திறந்ததும் விழுந்துவிடுகிறது

இந்த அறிகுறிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இதற்குப் பொதுவாகச் சொல்லும் மருந்து பம்ப். அது பெரும்பாலும் தவறான மருந்து. நீர் நிற்கும்போது உராய்வு கிடையாது. ஆகவே பாதி மூடிய வால்வும், துருவேறிய குழாயும், தேவைக்குச் சிறிய மீட்டரும் கேஜில் எந்த அடையாளமும் காட்டா. நீர் ஓடத் தொடங்கியபிறகு, ஓட்டத்தின் ஏறக்குறைய 1.85 அடுக்கில் இழப்பு உயர்கிறது. குழாயின் விட்டத்தைப் பொறுத்தவரை விளைவு இன்னும் கடுமையானது: 150 மி.மீ. போட வேண்டிய இடத்தில் 100 மி.மீ. போட்டால், அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு ஏறத்தாழ 7 மடங்காகும்.

முதலில் தெருவின் நீர் போதுமா என்று கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, ஹைட்ரன்ட் சோதனையில் நிலை அழுத்தம் (நீர் நிற்கும்போது உள்ளது) 5 பார், நிமிடத்துக்கு 3,000 லிட்டர் ஓடும்போது ஓட்ட அழுத்தம் 4 பார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மொத்தத் தேவை 2,400 லிட்டர் என்றால், அது 3,000 லிட்டரில் 0.8 பங்கு; 3,000 லிட்டரில் 1 பார் குறைந்ததால், இப்போது அழுத்தம் குறையும் அளவு 0.8இன் 1.85ஆம் அடுக்கு, அதாவது சுமார் 0.66 பார். ஹைட்ரன்டில் 4.34 பார் மிஞ்சும். மிக உயர்ந்த ஸ்பிரிங்க்ளர் 12 மீட்டர் மேலே இருந்தால், 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.98 பார் வீதம் 1.18 பார் கழியும். பேக்ஃபுளோ தடுப்பானின் இழப்பு அந்த ஓட்டத்தில் 0.8 பார் என்று தயாரிப்பாளரின் வரைகோடு காட்டினால், குழாய் உராய்வுக்கும் ஸ்பிரிங்க்ளர் முனைக்கும் சேர்த்து எஞ்சுவது 2.36 பார் மட்டுமே. 5 பார் என்று தொடங்கிய எண் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, இன்னும் ஒரு மீட்டர் குழாயைக்கூட நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கின்படி நீர் போதும், களத்தில்தான் போதவில்லை என்றால், இடையில் எங்கோ அடைப்பு இருக்கிறது. அதை ஊகிக்காமல் கண்டுபிடிக்கும் முறை இது: தெரு ஹைட்ரன்ட், பேக்ஃபுளோ தடுப்பானின் மேல்புறம் (நீர் வரும் பக்கம்), அதன் கீழ்ப்புறம் (நீர் போகும் பக்கம்), ரைசரின் (கட்டடத்துக்குள் நீரை மேலேற்றும் செங்குத்துக் குழாய்) அடி ஆகிய இடங்களில் கேஜ் பொருத்தி, மெயின் டிரெயினையோ (ரைசரின் அடியில் உள்ள பெரிய வடிகால் வால்வு) சோதனை முனையையோ முழுவதும் திறந்து, எல்லாக் கேஜ்களையும் ஒரே நேரத்தில் படியுங்கள். உயர வேறுபாட்டைக் கழித்தபிறகு, எந்த இரண்டு கேஜ்களுக்கு இடையே கணக்கைவிட மிகுந்த இழப்பு தெரிகிறதோ, கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அந்தப் பகுதியில் முதலில் வால்வுகளைச் சோதியுங்கள். நிலத்தடிக் கேட் வால்வைச் சாவியால் திருப்பும்போது சுற்றுகளை எண்ணுங்கள், 150 மி.மீ. கேட் வால்வுக்குப் பொதுவாக ஏறத்தாழ 20 சுற்றுகள் வேண்டும். 12 சுற்றில் நின்றுவிட்டால், அது முழுவதும் திறந்திருக்கிறது என்று நம்பாதீர்கள். கதவில் கல் சிக்கியிருக்கலாம், தண்டு வளைந்திருக்கலாம். சில வால்வுகள் எதிர்த்திசையில் திறப்பவை என்பதையும் நினைவில் வையுங்கள். வால்வின் நிலையைக் காட்டும் சுவர்க் குறியில் ‘திறந்தது’ என்று காட்டினாலும், குறிகாட்டியைத் தண்டோடு இணைக்கும் பகுதி நழுவியிருந்தால் அந்தக் குறி பொய் சொல்லும்.

வீடுகளிலும் சிறு கட்டடங்களிலும் குடிநீரும் ஸ்பிரிங்க்ளரும் ஒரே குழாயில் வந்தால், சந்தேகத்தை முதலில் மீட்டர் மீதும் நீர் மென்மையாக்கி மீதும் வையுங்கள். குளியலறைக்குப் போதுமான மீட்டர், இரண்டு ஸ்பிரிங்க்ளர்கள் திறக்கும்போது பெரும் இழப்பை ஏற்படுத்தும். மீட்டரை ஓர் அளவு பெரிதாக்குவது பம்ப் வாங்குவதைவிட எளிது, அது பழுதாவதும் குறைவு.

அறிகுறி: நீரழுத்தச் சோதனையில் அழுத்தம் நிற்கவில்லை

நிலத்தடிக் குழாயை 13.8 பாரில், அல்லது இயக்க அழுத்தம் 10.3 பாரைத் தாண்டினால் அதைவிட 3.4 பார் கூடுதலாக, 2 மணி நேரம் நிறுத்திச் சோதிக்க வேண்டும். முள் இறங்கினால் உடனே பள்ளத்தில் இறங்கித் தோண்டத் தொடங்காதீர்கள். குழாய்க்குள் சிக்கிய காற்று நீரில் கரைந்தாலும், கான்கிரீட் பூச்சு நீரை உறிஞ்சினாலும், வெயில் பட்டுச் சூடான நீர் மாலையில் குளிர்ந்தாலும் முள் இறங்கும். மூடிய குழாயில் நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே அழுத்தம் கண்ணுக்குத் தெரியும்படி மாறும். ஆகவே உயர்ந்த முனைகளில் எல்லாக் காற்றையும் வெளியேற்றி, குழாயை நீரோடு ஓர் இரவு விட்டு, அதிகாலையில் சோதியுங்கள். அதிகாலையில் முள் நின்று பகலில் ஏறினால், அது வெயிலின் வேலை.

இதற்குப் பிறகும் இறங்கினால், எவ்வளவு நீர் போகிறது என்று அளக்க வேண்டும். சோதனைப் பம்பின் கொள்கலனில் அளவுகோடு போட்டு, அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஊற்றிய நீரை அளந்து எழுதுங்கள். கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இணைப்புள்ள நிலத்தடிக் குழாய்க்கு என்.எஃப்.பி.ஏ. 24 அனுமதிக்கும் கசிவு மிகச் சிறியது: 150 மி.மீ. குழாயில் 100 மீட்டருக்கு 13.8 பாரில் மணிக்குச் சுமார் 0.7 லிட்டர், அதாவது 2 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கும் கீழ். இந்தச் சலுகை மண்ணுக்குள் இருக்கும் இணைப்புகளுக்கு மட்டுமே உரியது. கட்டடத்தின் உள்ளே தெரியும் குழாயில் ஒரு துளிக் கசிவும் கூடாது.

அளவு மிஞ்சினால், முதல் சந்தேகம் குழாயின் இரு முனைகளிலும் உள்ள மூடிய கேட் வால்வுகள் மீது. அவை நீரை முழுவதும் தடுக்கும் என்று எடுத்துக்கொள்வது தவறு; வால்வுக்குப் பதிலாகக் குருட்டு ஃபிளேஞ்ச் (துளையில்லாத மூடித் தகடு) போட்டுச் சோதித்தால் இந்தச் சந்தேகம் நீங்கிவிடும். பிறகுதான் இணைப்புகள். செருகும் இணைப்பில் கேஸ்கெட் மடங்கியிருப்பதும், குழாய் சாக்கெட்டின் உள்ளே குறியிட்ட கோடு வரை போகாததும், மண் துகள் சிக்கியிருப்பதும் கசிவின் வழக்கமான காரணங்கள். இதனால்தான் சோதனை முடியும் வரை குழாயின் நடுப்பகுதியை மட்டும் மண்ணால் மூடி, இணைப்புகளைத் திறந்து வைக்க வேண்டும். ஆய்வாளர் வருவதற்குள் முழுவதும் மூடிவிட்ட பள்ளத்தை அவர் மீண்டும் தோண்டச் சொன்னால், அதற்கு மறுமொழி கிடையாது.

இன்னொன்று: சோதனையில் அழுத்தம் திடீரென விழுந்தால் பெண்டுகளையும் (குழாய் வளைவுகள்) முனைகளையும் பாருங்கள். 150 மி.மீ. டக்டைல் இரும்புக் குழாயின் மூடிய முனையை 13.8 பார் அழுத்தம் சுமார் 33 கிலோநியூட்டன் விசையோடு தள்ளுகிறது. 90 டிகிரி பெண்டில் அந்த விசை ஏறக்குறைய 47 கிலோநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 4.8 டன் எடை. கான்கிரீட் தாங்குகட்டை தோண்டாத இறுகிய மண்ணில் சாய்ந்திருக்க வேண்டும். கொட்டி நிரப்பிய தளர்ந்த மண்ணில் சாய்ந்தால் அது நகரும். கான்கிரீட் இறுகும் முன் சோதித்தாலும் நகரும். கட்டை போட இடமில்லாத இடத்தில் பிடிப்பு வளையம் கொண்ட இணைப்புகளைப் பயன்படுத்துங்கள். வளையத்தை எத்தனை மீட்டர் தூரத்துக்குப் போட வேண்டும் என்பது மண்ணின் தன்மையையும் ஆழத்தையும் பொறுத்தது, கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். சோதனை நடக்கும்போது பெண்டுக்கு எதிரே பள்ளத்தில் எவரையும் நிற்க விடாதீர்கள்.

அறிகுறி: ஃபிளஷ் செய்த (குப்பையை அகற்ற வேகமாக ஓடவிட்ட) நீர் தெளியவில்லை, அல்லது தெளிந்தது என்று எழுதியபின் ஸ்பிரிங்க்ளரில் கல் அடைக்கிறது

இரண்டாவது வகைதான் கவலைக்குரியது. சிறு குழாயில் நீரைத் திறந்துவிட்டுத் தெளிவாக வருகிறது என்று எழுதுவது ஃபிளஷ் ஆகாது. கல்லை உருட்டும் வேகம் வேண்டும். விநாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்துக்கு, 100 மி.மீ. குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 1,480 லிட்டர், 150 மி.மீ. குழாயில் 3,330 லிட்டர், 200 மி.மீ. குழாயில் 5,900 லிட்டர் ஓட வேண்டும். தெருவில் அவ்வளவு கிடைக்காவிட்டால் அமைப்பின் கணக்கிட்ட தேவையையோ, தீ நேரத்தில் கிடைக்கக்கூடிய முழு ஓட்டத்தையோ தரநிலை ஏற்கிறது. 50 மி.மீ. டிரெயின் வழியே இதைச் சாதிக்க முடியாது. வெளியேற்றும் வாய் பெரிதாக இருக்க வேண்டும், அதில் ஒரு சணல் சாக்கைக் கட்டினால் என்ன வந்தது என்பது கையில் தெரியும். ரைசரோடு இணைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். இணைத்தபின் ஃபிளஷ் செய்தால், நிலத்தடியில் இருந்த கல்லை நீங்களே ஸ்பிரிங்க்ளர் குழாய்க்குள் அனுப்பிவைக்கிறீர்கள்.

நீர் எங்கே போகும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து அதற்கு அனுமதி வாங்குங்கள். கிருமி நீக்கத்துக்காகக் குளோரின் கலந்த நீரை, குளோரினை நீக்காமல் ஓடையிலோ மழைநீர் வடிகாலிலோ விடக் கூடாது.

அறிகுறி: பேக்ஃபுளோ தடுப்பானின் அடியிலிருந்து நீர் கொட்டுகிறது

இது குறைவழுத்த மண்டலத் தடுப்பானுக்கு மட்டும் உரிய அறிகுறி. அதன் இரண்டு செக் வால்வுகளுக்கு நடுவில் உள்ள மண்டலத்தின் அழுத்தம், உள்வரும் அழுத்தத்தைவிடக் குறைந்தது 0.14 பார் தாழ்ந்திருக்க வேண்டும். அந்த இடைவெளி சுருங்கினால் வெளியேற்று வால்வு திறந்து நீரைக் கொட்டும். எப்போதாவது ஒருமுறை துப்பினால் தெருவின் அழுத்த ஏற்ற இறக்கமே காரணம். தொடர்ந்து கொட்டினால் கீழ்ப்புற அடைப்பு வால்வை மூடிப் பாருங்கள். நின்றுவிட்டால் இரண்டாம் செக் வால்வில் குப்பை இருக்கிறது, கட்டடத்தின் பக்கமிருந்து அழுத்தம் பின்னோக்கி வருகிறது. நிற்காவிட்டால், தடுப்பானின் கீழ்ப்பக்கச் சோதனைக் குழாயைத் திறந்து சிறிது ஓட்டம் உண்டாக்குங்கள். ஓடும்போது கொட்டுவது நின்றால் முதல் செக் வால்வில் குப்பை, ஓடும்போதும் கொட்டினால் வெளியேற்று வால்வின் இருக்கையிலோ சவ்விலோ கோளாறு. புதிதாகப் பதித்த குழாயில் பெரும்பாலும் குப்பைதான் காரணமாக இருக்கும், அதாவது ஃபிளஷ் ஒழுங்காக நடக்கவில்லை.

கொட்டும் வாயை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். நீர் தேங்கும் குழியில் இந்தத் தடுப்பானை வைப்பதும் தவறு. அந்த வாய் நீரில் மூழ்கினால் குடிநீரைக் காக்க வந்த கருவியே அசுத்த நீருக்கு வழியாகிவிடும்.

அறிகுறி: தீ இல்லாமலே எச்சரிக்கை மணி அடிக்கிறது, ரைசர் கேஜ் தெருவின் அழுத்தத்தைவிட மிகக் கூடுதலாகக் காட்டுகிறது

இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இரவில் தெருவின் அழுத்தம் உயரும்போது நீர் செக் வால்வைத் தாண்டி உள்ளே வருகிறது. குழாயின் உச்சியில் சிக்கிய காற்று சுருங்கி அதற்கு இடம் கொடுக்கிறது. அந்தச் சிறு ஓட்டம் ஃபுளோ சுவிட்சின் (நீரோட்டத்தை உணர்ந்து மணியடிக்கச் செய்யும் கருவி) தகட்டை அசைக்கிறது. உச்சியில் காற்று வெளியேற்றும் வால்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செக் வால்வுக்குப் பின்னால் அடைபட்ட நீர் சூடேறி அழுத்தம் உயர்ந்தால், 12.1 பார் அளவில் திறக்கும் நிவாரண வால்வு வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். சுவிட்சின் தாமத நேரத்தைக் கூட்டுவது கடைசி வழி. ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளர் திறந்தாலும் 90 வினாடிக்குள் மணி அடிக்க வேண்டும் என்று தீ எச்சரிக்கைத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 72 கோருவதால், கூட்டியபின் சோதனை முனையைத் திறந்து நேரத்தை அளந்தே தீர வேண்டும்.

அறிகுறி: தீயணைப்பு வண்டி இணைக்கும் வாயிலிருந்து நீர் சொட்டுகிறது

அந்த வாய்க்குப் பின்னால் உள்ள செக் வால்வின் கதவு சரியாக உட்காரவில்லை. கதவைத் திறந்து துடைத்து, இருக்கையின் ரப்பரை மாற்றினால் தீரும். சொட்டுவதை நிறுத்த அந்தக் கிளையில் அடைப்பு வால்வு போடுவது விதிமீறல். யாராவது அதை மூடிவிட்டால், வண்டி பம்ப் செய்யும் நீர் கட்டடத்துக்குள் போகாது.

அறிகுறி: மெயின் டிரெயின் சோதனையின் ஓட்ட அழுத்தம் முந்தைய அளவைவிடக் குறைகிறது

முதல் நாள் எடுத்த அளவு பதிவேட்டில் இல்லாவிட்டால் இந்த அறிகுறியே உங்களுக்குத் தெரியாது. ஆகவே அமைப்பை ஒப்படைக்கும் நாளிலேயே நிலை அழுத்தத்தையும், டிரெயின் முழுவதும் திறந்தபோது நிலைத்த அழுத்தத்தையும் எழுதி, ரைசரின் அருகிலேயே ஒட்டிவையுங்கள். பிந்தைய சோதனையில் ஓட்ட அழுத்தம் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் காரணத்தைத் தேட வேண்டும் என்று என்.எஃப்.பி.ஏ. 25 கூறுகிறது. நிலை அழுத்தமும் சேர்ந்து குறைந்திருந்தால், தெருவின் வழங்கலில் மாற்றம் வந்திருக்கிறதா என்று நீர்வழங்கும் அமைப்பிடம் கேளுங்கள். புதிய ஹைட்ரன்ட் சோதனையும் தேவைப்படும். நிலை அழுத்தம் அப்படியே இருந்து ஓட்ட அழுத்தம் மட்டும் விழுந்திருந்தால், முன்பு சொன்னபடி கேஜ்களை இடம் இடமாகப் பொருத்தி, வால்வுகளின் சுற்றுகளை எண்ணுங்கள். முந்தைய சோதனைக்கும் இதற்கும் இடையில் யாராவது பழுது பார்த்திருந்தால், அவர்கள் கடைசியாகத் தொட்ட வால்விலிருந்து தொடங்குங்கள். அதைச் சரிசெய்தபின் டிரெயினை மீண்டும் முழுவதும் திறந்து, அழுத்தம் நிலைக்கும் வரை காத்திருந்து, புதிய அளவைப் பழைய அளவுக்குக் கீழே தேதியோடு எழுதுங்கள். பிறகு டிரெயினை மெல்ல மூடி, வால்வுகளைப் பூட்டி, முதலில் தகவல் சொன்ன மூவரிடமும் அமைப்பு மீண்டும் இயக்கத்தில் இருப்பதைத் தெரிவியுங்கள்.